அரைப் பேர்

(கண்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஹந்தானைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு நிற்கிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே முன்னுரையை நீட்டாமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நூதனசாலையில் பொருள்கள் இருக்கின்றன. அந்தப் பொருள்களுக்கு உரிய மக்கள் வெளியே இருக்கிறார்கள். நடுவே ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறப்பது எது? கண்ணாடிப் பெட்டியின் சாவியா, அமைச்சரின் கையெழுத்தா? ஒரு பழைய பேரேடும், அதைப் பொறுமையாகப் புரட்டிப் படிக்கும் ஒரு மனிதரும் என்பதுதான் என் விடை. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மஹியாவை மயானம் இருக்கிறது. அங்கே ஒரு கல்லறை. லூல்கந்துர தோட்டத்து ஜேம்ஸ் டெய்லர், இந்தத் தீவில் தேயிலைக்கு முன்னோடி, 1892 மே 2ஆம் திகதி காலமானார் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர் அவர். ஆள் நல்ல பருமன். அவர் இறந்ததும் உடலை லூல்கந்துரையிலிருந்து கண்டிக்குத் தூக்கி வந்தார்கள். ஏறத்தாழ 18 மைல். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம், மாற்றி மாற்றித் தோள் கொடுத்தது. பின்னால் கங்காணிமாரும் தொழிலாளரும் ‘சாமி துரை’ என்று சொல்லிக்கொண்டு நடந்து வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

டெய்லர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்திலே ஹந்தானையில், 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் அமைந்திருக்கும் தேயிலை நூதனசாலையில் அவருடைய பாவனைப் பொருள்களைப் பார்க்கலாம். நல்லது. அவை அழியாமல் இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. தூக்கி வந்தது 24 பேர் என்கிறோமே, அந்த 24 பேரின் பேர் என்ன?

பேர் என்றால் ஆள். பேர் என்றால் பெயர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதில் மூன்றாவது அர்த்தமும் உண்டு. காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய், மலையேறி, நிறுவை முடிந்து, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டில் குறித்தால் அது பேர். ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தாலோ, மழை வந்து இடையில் இறங்கினாலோ அரைப் பேர். “இன்னைக்கு அரைப் பேர்தான் போட்டாங்க” என்று சொல்லிக்கொண்டு என் அம்மாயி கூடையை வாசலில் சாய்க்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் இன்றைக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். உலகத்து நூதனசாலைகளின் பேரேடுகளில் நம்மைப் போன்றவர்களுக்குப் போட்டிருப்பது அரைப் பேர்தான்.

முதலில் ஒரு பீரங்கியைப் பார்ப்போம்.

1765 பெப்ரவரியில் ஒல்லாந்தர் இந்தக் கண்டி நகருக்குள் புகுந்தார்கள். ஆளுநர் வான் எக் தானே படை நடத்தி வந்தார். மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், நாயக்க வம்சத்தவர், ஏற்கெனவே மலைகளுக்குள் விலகிவிட்டார். அரண்மனை சூறையாடப்பட்டது. போனவற்றில் ஒன்று சின்னஞ்சிறு வெண்கலப் பீரங்கி. பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கல்லும் பதித்தது. லெவுகே திசாவை என்ற பிரதானி மன்னருக்குக் கொடுத்தது. சூரியன், சந்திரன், சிங்கம் என்று கண்டி அரசின் சின்னங்கள் அத்தனையும் அதன் மேல் இருக்கின்றன. சுட்டுப் பயமுறுத்தச் செய்ததல்ல, பார்த்து மலைக்கச் செய்தது. அது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையின் சேகரிப்பில் 1800 முதல் இருந்தது.

எத்தனை இலட்சம் பேர் அதன் முன் நின்று பார்த்திருப்பார்கள்! பொருள் கண் முன்னே பளபளத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் அது எப்படி அங்கே வந்தது? பரிசாகவா, கொள்ளையாகவா? நெடுங்காலம் அது தெளிவில்லாமலே கிடந்தது. பொருள் எதுவும் தானாக வாய் திறந்து பேசாது, ஐயா. பேசுவது கடதாசி.

அந்தக் கடதாசி வேலையை நம் நாட்டவர் ஒருவர் முன்பே தொடங்கிவிட்டார் என்பதை இங்கே பெருமையோடு சொல்ல வேண்டும். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி.எச்.டி.எச். டி சில்வா, வெளிநாட்டு நூதனசாலைகளில் கிடக்கும் இலங்கைப் பொருள்களைத் தேடித்தேடிக் குறித்து, 1975இல் ஒரு பெரிய பட்டியல் நூலாக வெளியிட்டார். இன்றைக்கு இருக்கிறதுபோல் கணினியா, மின்னஞ்சலா? கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய காலம். அந்தப் பட்டியலை வைத்து இலங்கை யுனெஸ்கோ வழியாகக் கேட்டும் பார்த்தது. அப்போது கை கூடவில்லை. பட்டியல் மட்டும் அலமாரியில் காத்திருந்தது. நல்ல பட்டியலுக்கு அந்தப் பொறுமை உண்டு.

பிறகு 2019இல் ஒல்லாந்து நாட்டில் ஒரு முன்னோடி ஆய்வு தொடங்கியது. காலனிக் காலப் பொருள்கள் எங்கிருந்து, எப்படி, யார் கை வழியாக வந்தன என்று தேடும் ஆய்வு. ஒல்லாந்தக் கம்பெனியின் பழைய கடிதங்கள், அறிக்கைகள் எல்லாவற்றையும் அவர்கள் புரட்டினார்கள். நம் நாட்டு அறிஞர்களும் கூட அமர்ந்தார்கள். அங்கே உள்ளவருக்குப் பழைய ஒல்லாந்தக் கையெழுத்து வாசிக்கத் தெரியும். இங்கே உள்ளவருக்கு அந்த வேலைப்பாட்டையும் சின்னத்தையும் வாசிக்கத் தெரியும். இரண்டு வாசிப்பும் ஒரு மேசையில் சேர்ந்தபோது விடை வந்தது: 1765, கண்டி, கொள்ளை. 2023 டிசம்பரில் பீரங்கியோடு பொற்கத்தி, வெள்ளி வாள் உட்பட ஆறு பொருள்கள் கொழும்பு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 258 ஆண்டுகள்!

கைதட்டுங்கள், தட்ட வேண்டியதுதான். ஆனால் தட்டிவிட்டு ஒன்று யோசியுங்கள். பீரங்கி இருப்பது கொழும்பில். கண்டியிலிருந்து கோச்சியில் ஏறினால் மூன்று மணித்தியாலம். லெவுகே திசாவை பேர் கிடைத்தது. மன்னரின் பேர் கிடைத்தது. அதை வார்த்த கம்மாளர் பேர், கல் பதித்த தட்டார் பேர் யார் கேட்டார்கள்? நம்முடைய சிங்கள நண்பர்களுக்கும் இந்த அரைப் பேர் வழக்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். இது ஒரு சாதி சனத்தின் குறை மட்டுமல்ல.

இன்னொரு பக்கம் வாருங்கள். எடின்பரோ. இந்தத் தீவிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு வகைத் தலைகள் போயிருக்கின்றன. கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல திசாவையைப் போகம்பறையில் வெட்டினார்கள். அந்த மண்டையோட்டைப் படை வைத்தியரான ஹென்றி மார்ஷல் என்பவர் எடுத்துப்போய், எடின்பரோவில் மண்டையோட்டை அளந்து மனிதனுடைய குணம் சொல்வதாகச் சொல்லிக்கொண்ட ஒரு சங்கத்துக்குக் கொடுத்தார். குணம் தெரிய வேண்டுமானால் உயிரோடு இருந்தபோதே பேசிப் பார்த்திருக்கலாமே! சுதந்திரத்துக்குப் பிறகு அது திரும்பி வந்தது. 1954இல் தலதா மாளிகை அருகே நினைவுச் சின்னத்தின் கீழ் வைத்தார்கள். நீங்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறீர்கள்.

அதே எடின்பரோவில், பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில், வேடர் மக்களின் மண்டையோடுகள் ஒன்பது இருந்தன. இந்த நாட்டின் ஆதிக்குடிகள் அவர்கள். இங்கிருந்து ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவு இறங்கி, மஹியங்கனை வழியாகப் போனால் அவர்களுடைய தம்பானை. 2019 நவம்பரில் அவர்களுடைய தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ எடின்பரோவுக்கே போய் அந்த ஒன்பதையும் தம் கையால் ஏற்றார். கெப்பெட்டிபொலவுக்கும் இந்த ஒன்பது பேருக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குப் பேர் இருந்தது. நாடு விடுதலை பெற்றதும் கேட்க ஆள் இருந்தது. இந்த ஒன்பது பேருக்குச் சேகரிப்பில் இருந்தது ‘வேடர்’ என்ற இனப் பேர் மட்டும். கூடுதலாக அறுபது, எழுபது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

எலும்பு திரும்புகிறது. குரல்?

1907, 1908 ஆண்டுகளில் செலிக்மன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளரும் அவருடைய மனைவியும் இங்கே வந்து வேடரைப் பற்றி ஆராய்ந்தார்கள். 1911இல் தடித்த புத்தகம் போட்டார்கள். புத்தகம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் ஒரு பொனோகிராப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மெழுகு உருளைகளில் வேடரின் பாட்டைப் பதிந்தார்கள். இன்றைக்கு அவை லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிச் சேகரிப்பில். தன் கொள்ளுப்பாட்டனுடைய குரல் ஒரு ஊரில் இருக்கிறது என்று தெரியாமலே ஒருவன் வாழ்ந்து முடிக்கலாம் என்றால், அந்தக் குரல் பாதுகாக்கப்பட்டது என்று எந்த வாயால் சொல்வது?

அப்படியானால் என்னதான் செய்யலாம்? செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பஸமக்வாடி என்ற ஆதிக்குடிகள். 1890இல் வால்டர் ஃபியூக்ஸ் என்பவர் அவர்களுடைய பாட்டையும் கதையையும் மெழுகு உருளையில் பதிந்தார். உலகத்திலேயே வெளிக்களத்தில் செய்த முதல் ஒலிப்பதிவுகள் அவை. அவருக்கு அவர்கள் மொழி தெரியாது. காதில் விழுந்ததைக் குத்துமதிப்பாகத் தலைப்புப் போட்டுவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தத் தலைப்பே நின்றது. பிறகு வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம் ஒலியைச் சுத்தம் செய்து கொடுத்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இது இன்ன பாட்டு, இன்ன வேளையில் பாடுவது, இது எல்லாரும் கேட்கலாம், இது கேட்கக் கூடாது என்று சொன்னார்கள். இன்றைக்கு நூலகத்தின் பட்டியலில் அவர்களுடைய மொழியிலேயே தலைப்பு இருக்கிறது. பொருளை வைத்திருந்தவர் நூலகர். முழுப் பேர் போட்டவர் ஊர்க் கிழவர்.

இங்கே யாராவது குறுக்கே கேட்கலாம்: “ஐயா, ஆதிக்குடி பற்றிப் பேசுகிறீர்கள், நீங்கள் மலையகத்தான், உங்களுக்கும் அதற்கும் என்ன?” நியாயமான கேள்வி. நாங்கள் ஆதிக்குடிகள் அல்ல. கம்பளைக்குப் பக்கம் சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட காலத்திலிருந்து எண்ணினால் எங்களுக்கு இங்கே இருநூறு வயசு. 2023இல் எங்கள் சனம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் வந்த அந்தத் தடத்திலேயே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் வெள்ளைக்காரருடைய பேரேட்டில் வேடருக்கும் எங்களுக்கும் பக்கத்துப் பக்கத்து வரிகள்தான். இரண்டு பேருமே மாதிரிகள்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகைப்படக்காரி பெயரைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் டார்வினை எடுத்தார், டெனிசனை எடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம். இங்கே எடுத்த படங்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அருமையான படங்கள், அந்த முகங்களை அவர் மரியாதையோடுதான் பார்த்திருக்கிறார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் டார்வின் படத்துக்கு டார்வின் என்று தலைப்பு. அவருடைய வீட்டு வேலைக்காரிக்குக்கூட மேரி ஹில்லியர் என்று பேர் நிலைத்துவிட்டது. இங்கே எடுத்ததற்கு? ‘களுத்துறைக் குடியானவர்கள்’. ‘இலங்கைப் பெண்’. இவ்வளவுதான்.

கண்டியிலேயே 1870களில் ஸ்கோவன் என்பவர் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்தார். அவரைப் போன்றவர்கள் எடுத்த படங்கள் உலகமெல்லாம் போயின. தபால் அட்டையாகவும் வந்தன. அடியில் ‘தமிழ்க் கூலிகள்’, ‘கொழுந்து பறிப்பவள்’. அப்படி ஒரு பழைய அட்டையின் பிரதி என் கைக்கு வந்தது. கூடையோடு ஒரு பெண். காதில் பாம்படம் மாதிரிப் பெரிய நகை, பின்னால் திரை. அதை எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்து லயத்துக்குப் போய், எண்பது கடந்த ஒரு அம்மாயியிடம் காட்டினேன். ஐம்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. கண்ணுக்குக் கிட்டே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவ கொழுந்து எடுக்கிறவ இல்ல சேர்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“கூடைக் கயிறு தலையில இருக்கணும். இவ இடுப்புல வச்சுருக்கா, தண்ணிக் கொடம் மாதிரி. இடுப்புல படங்கு எங்க? படங்கு இல்லாம மலைக்குப் போனா செடி குத்திக் கிழிச்சுப்புடும். வெரலப் பாருங்க, கறையே இல்ல. யாரோ கூட்டியாந்து நிப்பாட்டியிருக்கான்.”

மூன்று வரி, ஐயா. அட்டையின் அடியில் அச்சடித்திருந்த பொய்யை அந்த மூன்று வரி உடைத்துவிட்டது. எத்தனை பட்டம் வாங்கிய நூதனசாலை அதிகாரியும் இடுப்பில் கட்டும் அந்தப் படங்குச் சாக்கு இல்லாததைக் கண்டிருக்க மாட்டார். மக்களைச் சேகரிப்புக்குள் விடுங்கள் என்று கேட்பதை ஏதோ பிச்சை கேட்பதாக நினைக்கிறார்கள். கொடுக்கப் போகிறவர்கள் மக்கள்தான்.

இதை உணர்ந்து செய்த ஒரு காரியம் இங்கேயே இருக்கிறது. ஹந்தானைக்குப் போனவர்கள் கை தூக்குங்கள். பாதி மண்டபம். சரி. கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்க, பழைய பீக்கொக் தோட்டம், அங்கே போனவர்கள்? ஐந்து, ஆறு... ஏழு. அங்கே 2007இல் கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் திறந்தது. புதுக் கட்டடம் கட்டவில்லை. பழைய லயத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஹந்தானையில் நாலு மாடிக் கட்டடத்துக்குள் கொழுந்து அரைக்கிற இயந்திரம் நிற்கிறது. பாரதெக்கவில் ஆட்டுக்கல், கவ்வாத்துக் கத்தி, தப்பு, பழைய கடதாசிகள். குனிந்துதான் காம்பராவுக்குள் நுழைய வேண்டும். அந்தக் குனிவே ஒரு பாடம். அங்கே வருகிற கிழவிகள் “இது எங்கள் வீட்டிலும் இருந்துச்சே” என்று பொருளைத் தொடுகிறார்கள். தொடாதே என்ற பலகையை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும்.

கடதாசி என்றேன். எங்கள் சனத்துக்குக் கடதாசி உயிர்ப் பிரச்சினை. 1948இல் குடியுரிமை போயிற்று. 1949 சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கலியாணம் கட்டியவர் 7 வருஷம், கட்டாதவர் 10 வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி நிரூபிப்பது? எழுதப் படிக்கத் தெரியாத மனிதனிடம் என்ன கடதாசி இருக்கும்? செக்ரோல்தான். அந்தப் பேர்தான். என் தாத்தா ஊரில் தாயாரின் சாவுக்குப் போய்வந்த சில மாதங்கள் செக்ரோலில் விழவில்லை. தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றார்கள். மனு தள்ளுபடி. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போக அழுகைக் கோச்சியில் ஏறியது. நாங்கள் தங்கிவிட்டோம்.

அந்த செக்ரோலைத் தேடி நான் ஒருமுறை போனேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். தோட்டங்கள் 1975இல் அரசுக்கு வந்து, 1992இல் மறுபடி கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போய், ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய பேரேடுகள் மாட்டுக்கொட்டகைக்கும் பாய்லருக்கும் போயின. என்னை ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். கூரை ஒழுகியது. ஒரு கட்டைத் தூக்கினேன். மேல் அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே கறையான். பக்கங்களின் இடது பாதி மிஞ்சியிருந்தது. இடது பாதியில் பேர்கள் இருந்தன: ராமாயி, வீரம்மா, பழனியாண்டி. வலது பாதியில்தான் நாள் கணக்கு. அது இல்லை. பேர் இருந்தது, பேர் இல்லை. அந்தக் கொட்டகையில் நின்று நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

துரைமார் கம்பெனிகளின் கடதாசிகள் அப்படி இல்லை. ஹரிசன்ஸ் அண்ட் குரொஸ்ஃபீல்ட் போன்ற கம்பெனியின் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக எண்ணிட்டு அடுக்கியிருக்கின்றன. போனால் பார்க்கலாம். போவதற்கு விசா வேண்டும், டிக்கெட் வேண்டும், ஆங்கிலம் வேண்டும். இதுதான் ‘அனைவருக்கும் திறந்திருக்கிறது’ என்பதன் லட்சணம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்ததை நினைத்து நாம் அழுதோம். அந்தச் சாம்பலின் பாடத்தை எடுத்துக்கொண்டுதான் 2005இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தன்னார்வ இளைஞர்கள் தொடங்கினார்கள். தொழிற்சங்கவாதி நடேசய்யர் காலம் தொட்டு மலையகத்தில் அச்சான பலவற்றை இன்றைக்கு நுவரெலியாவிலோ பதுளையிலோ இருக்கும் பிள்ளை கைப்பேசியில் வாசிக்கலாம். விசா தேவையில்லை.

அரசுகளுக்கும் நூதனசாலைகளுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள், படத்தோடு போடுங்கள், ‘இது பிழை’ என்று ஒரு கிழவி சொன்னால் அதை எழுதிக்கொள்ள ஓர் இடம் விடுங்கள். மிச்சம் நம் வேலை.

நம் வேலை என்ன? வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறவுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைக் கடதாசி, தொழிற்சங்க அட்டை, முன்னோர் வரும்போது தங்கிய மண்டபம் முகாமின் சீட்டு என்று எது இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். தயவுசெய்து லெமினேட் செய்யாதீர்கள். காப்பாற்றுவதாக நினைத்து நம் ஆட்கள் செய்கிற பெரிய கொலை அது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் உரிக்க முடியாது. பழைய படம் இருந்தால் இருக்கிற பெரியவர்களிடம் இன்றைக்கே காட்டுங்கள். நாளைக்கு என்று வைத்தால் படம் இருக்கும், பேர் சொல்ல ஆள் இருக்காது.

மழை தொடங்கிவிட்டது. நான் சொன்ன அந்தத் தபால் அட்டையோடு, இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எடுத்த இன்னும் நாற்பது படங்களின் பிரதிகளை வெளி மண்டபத்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். போகிற வழியில் ஒரு பார்வை பாருங்கள். ஆள் தெரிந்தால் பேர். தெரியாவிட்டால் மலை, லயம், கூடை, கட்டியிருக்கிற சேலை என்று எது தெரிகிறதோ, பின்பக்கம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும். பென்சில் வைத்திருக்கிறேன்.